உங்கள் அம்மா கிழிக்காத ஆர்டர்

1. புளியமரம் சாய்ந்த நாள்

காலை ஆறு மணிக்கு பாய் போன் செய்தார்.

"முருகேசா, காத்துல செங்கம் ரோட்ல புளியமரம் சாஞ்சிடுச்சுப்பா. மெயின் லைன் ரெண்டு கம்ப தூரத்துக்கு அறுந்து ரோட்ல கெடக்குது. ஆம்பிளிஃபயர் பொட்டி தலைகீழா தொங்குது. டீ கூட இங்க வந்து குடிச்சிக்கலாம், கெளம்பு."

பாய்தான் எங்கள் கேபிள் ஆபரேட்டர். திருவண்ணாமலையில் அவர் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மகன் மொட்டை மாடியில் டிஷ் வைத்து கேபிள் இழுத்தார். நான் அவரிடம் லைன்மேன். கம்பம் ஏறுவது, கனெக்டர் போடுவது, மீட்டர் வைத்து சிக்னல் பார்ப்பது என் வேலை.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது உங்கள் அம்மா செல்வி ஒரு பழுப்புக் கவரோடு வாசலுக்கு வந்தாள்.

"இத நானே எடுத்துனு போறேங்க. நீங்க ஒரு மணி நேரம் உங்க தங்கச்சி பக்கத்துல இருந்தா போதும்."

"மழையில நீ எங்க போவ? குடு. நான் குடுத்துர்றேன்."

"இன்னைக்குத்தான் கடைசி. அஞ்சு மணிக்குள்ள குடுத்தாவணும்."

"தெரியும் செல்வி. குடு."

கவரை வாங்கி டூல் பையில், கனெக்டர் அழுத்தும் கிரிம்பிங் டூலுக்கு அடியில் வைத்தேன். நனையக்கூடாது என்று அவள் அதை ஒரு பால் கவரில் சுற்றியிருந்தாள்.

யாழினி, கதிர், இது நடந்து பதினாறு வருடம் ஆகிறது. அன்றைக்கு யாழினிக்கு நாலு வயது. கதிர் பிறக்கவில்லை. இதை இப்போது உட்கார்ந்து எழுதக் காரணம், வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து யாழினிக்கு வந்திருக்கும் லேப் டெக்னீஷியன் ஆர்டர். திங்கட்கிழமை சேர வேண்டும். போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பில் பிளேட் வைத்துக்கொண்டு கோலோடு நடக்கிற அப்பாவை விட்டுவிட்டுப் போகமாட்டாளாம். "அம்மா அன்னைக்கு செஞ்சத நான் இன்னைக்கு செய்யறேன்" என்று சொன்னாள்.

அம்மா அன்றைக்கு என்ன செய்தாள் என்பது உனக்குத் தெரியாதும்மா. உனக்குத் தெரிந்தது நான் சொன்ன கதை. திங்கட்கிழமைக்குள் நிஜத்தை எழுதி உன் கையில் கொடுக்க வேண்டும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

2. கவருக்குள் இருந்தது

செல்வி பிளஸ் டூ பாஸ். கல்யாணத்துக்கு அப்புறம் அங்கன்வாடி வேலைக்கு இரண்டு தடவை விண்ணப்பம் போட்டாள். முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை இன்டர்வியூவுக்குப் போகும்போது, குழந்தைகளுக்குச் சொல்லித்தர ஒரு பாட்டு வேண்டும் என்று தானே ஒன்று கட்டிக்கொண்டு போனாள். மலைமேல் இருக்கும் குரங்கு கீழே இறங்கி வந்து யார் யார் வீட்டில் என்ன என்ன திருடித் தின்றது என்று வரும். வீட்டுக்குள் அதைப் பாடிப் பாடி, யாழினிக்குத் தூக்கத்தில்கூட மனப்பாடம்.

ஆர்டர் வந்த அன்று தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். வந்து என் காலில் விழப் போனாள். "அட, சீ, எழுந்திரு" என்றேன். உண்மையில் எனக்கும் சந்தோஷம்தான். முதல் நாள் சந்தோஷம்.

அப்போது என் தங்கச்சி மல்லிகா எங்கள் வீட்டில் இருந்தாள். கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். முதல் பிரசவம் தாய் வீட்டில்தானே? எங்களுக்கு அம்மா அப்பா இரண்டு பேரும் இல்லை. அதனால் தாய் வீடு என்றால் அண்ணன் வீடு. தாய் என்றால் அண்ணி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து வந்தவளுக்கு எட்டாம் மாதத்தில் சிக்கல். படுத்தே இருக்கணும், தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆர்டரில் பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும் என்று போட்டிருந்தது. செல்வி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். அங்கே இருந்த ஒரு அம்மா, "ஒரு மாசம் டைம் கேட்டு எழுதிக் குடும்மா. டாக்டர் சீட்டு வெச்சிக் குடு. கடைசி தேதிக்குள்ள குடுத்துட்டா பாக்கலாம்" என்று சொன்னார்களாம். டாக்டர் சீட்டு கைக்கு வரவே பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. பிறகு ராத்திரி உட்கார்ந்து, இரண்டு தடவை எழுதிக் கிழித்து, மூன்றாவது தடவை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். வாழ்க்கையில் அவள் கிழித்தது அந்த இரண்டு தாள்தான்.

அந்த மனுதான் கவருக்குள் இருந்தது. வேலையும் வேண்டும், மல்லிகாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதற்கு அவள் என்னிடம் கேட்டது வேங்கிக்காலில் இருந்த அந்த ஆபீஸ் வரைக்கும் மொபெட்டில் ஒரு நடை.

3. அடுத்தவர் வீட்டு டிவி

லைன்மேன் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. எந்த வீட்டுக் கூடத்துக்குள்ளும் போகலாம். போய் டிவிக்குப் பின்னால் குனிந்து கனெக்டரைத் திருகிவிட்டு, "படம் தெளிவா இருக்காம்மா?" என்று கேட்டு, ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். திரும்பவும் புள்ளி விழுகிறதா என்று பார்க்கத்தான். நான் பார்த்த சீரியல் எல்லாம் அப்படி ஐந்து ஐந்து நிமிடமாகப் பார்த்ததுதான்.

எல்லாவற்றிலும் ஒரு மருமகள் இருப்பாள். பெயர் மாறும், புடவை மாறும், ஆள் அதேதான். எல்லோரும் சாப்பிடும்போது பரிமாறுவாள். அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. காய்ச்சல் வந்தால் மறைப்பாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைப்பாள். நகையைக் கழற்றிக் கொடுப்பாள். அவளைத் திட்டினவர்களுக்கே அவள் வேண்டிக்கொண்டு அங்கப்பிரதட்சணம் செய்வாள். ஒவ்வொன்றுக்கும் இடி இடிக்கும், மூன்று பக்கமிருந்து அவள் முகத்தைக் காட்டுவார்கள்.

ஒரு தடவை பே கோபுரத் தெருவில் ஒரு வீட்டில் சிக்னல் பார்க்கப் போனேன். டிவியில் மருமகள் வீட்டுக்காரன் வரும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்தபடி உச்சுக்கொட்டினார். "பாவம், எப்பேர்ப்பட்ட பொண்ணு பாரு." அதே மூச்சில் உள்ளே பார்த்து, "காபி இன்னாடி ஆச்சு?" என்றார். உள்ளேயிருந்து டம்ளரோடு வந்த அம்மாவுக்கு முழங்கை வரைக்கும் தீக்காயம். துணி சுற்றியிருந்தது. குக்கர் ஆவி அடித்துவிட்டதாம். அவர்களும் நின்று டிவியில் இருந்தவளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. நானும் உச்சுக்கொட்டினவன்தான்.

இப்போது யோசித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. சீரியலில் அவளிடமிருந்து யாரும் எதையும் பிடுங்குவது இல்லை. அவளே நீட்டுவாள். அதனால் வாங்கிக்கொள்கிற கை யாருடையது என்று நமக்குத் தெரிவதே இல்லை. கேமரா அவள் முகத்தில்தான் நிற்கும்.

மரம் விழுந்த அந்த வாரம், ஏழரை மணி சீரியலில் மருமகளுக்கு பேங்க் வேலை கிடைத்திருந்தது. நாத்தனாருக்கு ஒரு நல்ல இடம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டில், வேலைக்குப் போகிற அண்ணி இருக்கிற குடும்பம் வேண்டாம் என்றார்கள். என்ன செய்யப்போகிறாள் என்று மூன்று நாளாக சேனல்காரன் முன்னோட்டம் போட்டுக்கொண்டே இருந்தான். வியாழக்கிழமை முடிவு தெரியும்.

எங்கள் மரம் விழுந்தது வியாழக்கிழமை.

4. ஏழரைக்குள் படம்

மரத்தை அறுத்து எடுக்கவே பத்து மணி ஆகிவிட்டது. அதுவரைக்கும் எங்களைக் கிட்டே விடவில்லை. விழுந்த கிளையில் குரங்குகள் ஏறி உட்கார்ந்துகொண்டு புளியங்காயைப் பறித்து எங்கள் மேலேயே போட்டன. ஒன்று ஆம்பிளிஃபயர் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் மாடிக்குப் போய்விட்டது. கடைசி வரை திருப்பித் தரவில்லை.

புது கேபிள் இழுத்து, கம்பத்துக்குக் கம்பம் கட்டி, எரிந்த ஆம்பிளிஃபயரைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும். நான் மேலே, பாய் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு. அவர் போன் நிற்காமல் அடித்தது.

"வந்துடும்மா... ஏழரைக்குள்ள வந்துடும்... ஆமா சத்தியமா... நோன்பு மேல சத்தியம் பண்ண சொல்றியா இன்னா?"

போனை வைத்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார்.

"சகுந்தலா அம்மாப்பா. காலையிலேர்ந்து ஆறாவது தடவ. கரண்ட் போனாக்கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க. முருகேசா, இன்னைக்கு ஏழரைக்குப் படம் வரல, நான் மாட வீதில தல காட்ட முடியாது."

வேட்டி கட்டின வெள்ளைக்காரர் ஒருத்தர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, என்ன இவ்வளவு அவசரம் என்று கையால் கேட்டார்.

"சீரியல் சார், சீரியல்! டாட்டர் இன் லா, வெரி குட் லேடி!" என்றார் பாய். வெள்ளைக்காரர் பெரிதாகத் தலையாட்டிக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் போனார்.

நாலு மணி இருக்கும். கேபிள் இழுத்து முடிந்துவிட்டது. மாற்று ஆம்பிளிஃபயர் பாயின் கண்ட்ரோல் ரூமிலிருந்து வர வேண்டும். அது வரும்வரை எனக்குக் கையில் வேலை இல்லை. இறங்கி வந்து டீ குடித்தேன். பாய் கேட்டார்.

"ஏதோ ஆபீசுக்கு போவணும்னியேப்பா, பொண்டாட்டி கவர் குடுத்துச்சுன்னு. போய்ட்டு வந்துடு. பொட்டி வர நேரமாவும்."

நான் டூல் பையைப் பார்த்தேன். கவர் அங்கேதான் இருந்தது.

இந்த இடத்தைத்தான் நான் பதினாறு வருடமாக யாருக்கும் சொன்னதில்லை. செல்வியிடம் மறந்துவிட்டேன் என்றேன். நான் மறக்கவில்லை. டைம் கம்மி, இருபது நிமிடம் மொபெட்டில் போக வேண்டும், மழை ஈரம், ஆபீசில் ஆள் இருப்பார்களோ இல்லையோ என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். அதற்கெல்லாம் கீழே வேறு ஒன்று இருந்தது. அவள் வேலைக்குப் போனால் காலையில் எட்டரைக்கே கிளம்பிவிடுவாள். மதியம் நான் வீட்டுக்கு வரும்போது சுடச்சுடச் சோறு இருக்காது. யாழினியை யார் பார்ப்பது? மல்லிகா குழந்தையோடு இருக்கும் மூன்று மாதம் யார் பத்தியம் வைப்பது? ஒரு மாதம் டைம் கொடுத்துவிட்டால் இதெல்லாம் என் தலையில் விடியும். கொடுக்காவிட்டால் எதுவும் மாறாது. வேண்டாம் என்று நான் வாய் திறந்து சொல்லவேண்டியதும் இல்லை.

"பரவால்ல பாய். நாளைக்கு பாத்துக்கலாம்" என்றேன்.

"நாளைக்கு போனா ஆவுமா?"

"ஆவும் பாய்."

ஏழு இருபத்தைந்துக்கு லைனில் உயிர் வந்தது. கடைசிக் கனெக்டர் சகுந்தலா அம்மா வீட்டு வாசல் கம்பத்தில். முடித்துவிட்டு உள்ளே போய் சிக்னல் பார்த்தேன். கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். சகுந்தலா அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"நல்லா இருப்பப்பா நீ. வயித்துல பால வார்த்த."

மருமகள் பூஜை அறைக்குள் போனாள். ஆர்டரைச் சாமி பாதத்தில் வைத்தாள். எடுத்தாள். இடி இடித்தது. நாலாகக் கிழித்தாள். தாள் துண்டுகள் மெதுவாகப் பறந்து விளக்குப் பக்கத்தில் விழுந்தன. கூடத்தில் ஒருத்தி கை தட்டினாள். இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"இவதாண்டி பொண்ணு" என்றார்கள் சகுந்தலா அம்மா.

நான் வாசல்படி ஓரமாக நின்றிருந்தேன். தோளில் பை. பைக்குள் கவர். குற்ற உணர்ச்சி வந்தது என்று எழுதினால் அது பொய். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் செய்ததற்கு ஒரு நல்ல பெயர் கிடைத்துவிட்டது மாதிரி இருந்தது.

5. பேர் வைத்த அன்று

வீட்டுக்குள் நுழைந்ததும் செல்வி கேட்டாள், "குடுத்துட்டீங்களா?"

"ஐயோ, மறந்தே போய்ட்டேன் செல்வி. லைன் வேல..."

அவள் கையை நீட்டினாள். கவரை எடுத்துக் கொடுத்தேன். அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் கீறிக் கீறி எடுத்தாள். எடுத்து முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்காவை மல்லிகாவிடம் உட்கார வைத்துவிட்டு அவளே வேங்கிக்காலுக்குப் போனாள். மதியம் திரும்பி வந்தாள். "நேத்தே முடிஞ்சிடுச்சாம். லிஸ்ட்ல அடுத்த ஆளுக்கு போய்டுச்சாம்" என்றாள். அவ்வளவுதான். சோறு வடித்தாள்.

மல்லிகாவுக்குப் பையன் பிறந்தான். பேர் வைக்கிற அன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மல்லிகாவின் மாமியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்கள்.

"எங்க மருமவளுக்காக கவர்மெண்டு வேலையவே வேணாம்னு உட்டுட்டாளாமே செல்வி! டிவில வர்றா பாரு, ஆர்டரக் கிழிச்சாளே, அந்தப் பொண்ணேதான். கண்ணு பட்டுடும்மா உனக்கு."

பந்தியில் எல்லோரும் செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையில் சாம்பார் வாளி. "இல்லீங்க, நான் ஒண்ணும் உட..." என்று ஆரம்பித்தாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "ஆமாங்க. நான்கூட போன்னு சொன்னேன். அவதான் பிடிவாதமா வேணாம்னுட்டா. இன்னாத்துக்கு வேல, குடும்பம்தான் முக்கியம்னா."

மல்லிகா அழுதாள். "எங்கம்மா இருந்தாக்கூட இப்படி செஞ்சிருக்க மாட்டாங்க அண்ணி" என்று செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றப் போனாள்.

அன்றிலிருந்து அந்தக் கதை பரவியது. உறவில் எந்த மருமகள் எதையாவது கேட்டாலும் செல்வியைத்தான் உதாரணம் காட்டினார்கள். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார்கள். அவள் பெயரைச் சொல்லி எத்தனை பேர் வாயை அடைத்தார்களோ, எனக்குத் தெரியாது. நானும் கூட்டத்தில் உட்கார்ந்து அடக்கமாகத் தலையாட்டினேன்.

சீரியல்காரிக்கு என்ன ஆனது தெரியுமா? இருநூறு எபிசோடு கழித்து, கிழித்த ஆர்டருக்குப் பதிலாக ஒரு முதலாளி அவளுக்குக் கம்பெனியையே எழுதிக் கொடுத்தான். மாமியார் அவள் காலில் விழுந்து அழுதாள். நாத்தனார் அழுதாள். வீட்டுக்காரன் அழுதான். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. யாரும் அழவும் இல்லை. கம்பம் ஏறி ஊருக்கே படம் காட்டின லைன்மேன் வீட்டில் ஏழரை மணிக்கு டிவி ஓடாது. ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டிருக்கிறீர்கள். "அம்மாவுக்கு சத்தம் ஆவாது" என்று சொல்லி வைத்திருந்தேன்.

6. கோப்பை

போன மாதம், டிப்ளமா முடிக்கும் தறுவாயில், யாழினி காலேஜ் மகளிர் தினத்தில் பேசி முதல் பரிசு வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பேசினதை நின்றுகொண்டு படித்துக் காட்டினாள். தலைப்பு, ‘என் தாயின் தியாகம்’. மாவட்டத்திலேயே யாருக்கும் லேசில் கிடைக்காத வேலையை நாத்தனாரின் பிரசவத்துக்காகத் தூக்கி எறிந்த என் தாய், என்று வரும். நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். செல்வி கீழே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எறியலடி" என்றாள்.

"பாத்தியாப்பா, அம்மாவுக்கு எவ்ளோ தன்னடக்கம்!" என்று யாழினி சிரித்தாள். கதிர் கைதட்டினான். பரிசுக் கோப்பையை டிவி மேசைமேல் வைத்தோம்.

இந்த வாரம் வேலூர் ஆர்டர் வந்தது. அதே குரலில், அதே முகத்தோடு யாழினி போகமாட்டேன் என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொன்ன பொய் ஒரு ஆளோடு நிற்கவில்லை. வளர்ந்து என் பிள்ளையின் வாயிலேயே வந்து நிற்கிறது. இந்தத் தடவை நான் கவரை ஒளிக்கவேண்டியதுகூட இல்லை. அவளே கொண்டுவந்து நீட்டுகிறாள். நான் சும்மா உட்கார்ந்து உச்சுக்கொட்டினால் போதும்.

எழுதுவதற்கு முன்னால் செல்வியைக் கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா தியாகம் அது இதுன்னு ஒரு வார்த்த வரக்கூடாது. நான் கேட்டேன், நீங்க குடுக்கல. அத எழுதுங்க" என்றாள்.

அதைத்தான் எழுதியிருக்கிறேன். யாழினி, உன் அம்மா எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டாள். நான் கொடுக்கவில்லை. கொடுக்காததை மறைக்க அவளை ஊரே கும்பிடும்படி செய்தேன். உன் பேச்சில் இருக்கிற அந்தத் தெய்வம் நான் பண்ணின பொம்மை. அதைப் பார்த்து நீ நடக்காதே. என் இடுப்புக்கு என்ன செய்வது என்பது என் பாடு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ இருக்கிறது, சோறு பொங்க எனக்குக் கை இருக்கிறது. நீ போனால் இந்த வீடு ஒன்றும் கவிழ்ந்துவிடாது. உன் அம்மா போயிருந்தாலும் கவிழ்ந்திருக்காது.

கதிர், நீ பையன். இது உனக்கு இன்னும் முக்கியம். நாளைக்கு ஒரு பொண்ணு உனக்காக எதையாவது விட்டுக்கொடுத்தாள் என்று யாராவது பாராட்டினால், முதலில் உன் கையைத் திறந்து பார். அவளுடையது ஏதாவது அதில் இருக்கும்.

7. ஒரு திருத்தம்

மேலே இருக்கிற எல்லாவற்றையும் நேற்று சாயங்காலம் செல்வியிடம் படிக்கக் கொடுத்தேன். அடுப்பங்கரைப் படியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். நான்காவது பகுதி வந்ததும் நான் வெளியே போய்விட்டேன். நான் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியவரும் இடம் அது. பதினாறு வருடம் பயந்த இடம்.

கூப்பிட்டாள்.

"இங்க தப்பா இருக்குதுங்க."

"எங்க?"

"பாய் உங்கள போவச் சொன்னது நாலு மணிக்குன்னு எழுதியிருக்கீங்க. மூணேகால்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"மறுநாளு ஆபீஸ்லேர்ந்து திரும்பி வர்றப்ப கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். 'இன்னா பாய், அவருக்கு ஒரு அரை மணி நேரம் உடக்கூடாதா'ன்னு சண்ட போடத்தான் போனேன். அவரு, 'நான் மூணேகாலுக்கே போகச் சொன்னேனேம்மா, நாளைக்கு போனா ஆவும்னான்'னாரு. அவர் மேல எனக்கு இன்னா கோவம்? வந்துட்டேன்."

"ஏன் செல்வி, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்பீங்க? மறந்துட்டேன்னுதான்."

எனக்கு நாலு என்றுதான் ஞாபகம். டைம் கம்மி என்று சாக்கு சொல்ல வசதியாக, நானே அதை நாலாக்கிக்கொண்டேன் போலிருக்கிறது. மூன்றேகாலுக்குக் கிளம்பியிருந்தால், வேங்கிக்கால் போய், கவரைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, இன்னொரு டீயும் குடித்திருக்கலாம்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் எழுந்து வேலையைப் பார்க்கப் போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தத் தாள்களையும், வேலூர் ஆர்டரையும், பஸ் நேரம் எழுதின சீட்டையும் கோப்பைக்கு அடியில் வைத்திருக்கிறேன், யாழினி. நான்காவது பகுதியில் ‘நாலு மணி’ என்பதைக் கோடு போட்டு அடித்து, மேலே ‘மூன்றேகால்’ என்று எழுதியிருக்கும். அது உன் அம்மாவின் கையெழுத்து.